கைக்குள்ளே பொரி

பார்க்காதீங்கன்னு நான் சொல்லலை ஆன்ட்டி. பாருங்க. ஆனா ஓரக்கண்ணால பார்க்காதீங்க, எனக்கு அது பிடிக்காது. நேராவே பாருங்க. இவன் எங்க அண்ணன். வைத்தீஸ்வரன். வீட்டுல வைத்தி. இருபது வயசு ஆகுது. முன்னாடியும் பின்னாடியும் ஆடுறானே, அது வலிப்பு கிடையாது. நீங்க பையை அந்தப் பக்கம் மாத்தி வெச்சுக்க வேண்டாம், இவன் எதையும் தொட மாட்டான். பஸ் கிளம்பினா ஆடுவான், அவ்வளவுதான். சந்தோஷம் வந்தா இவனுக்கு அப்படி. நமக்குச் சிரிப்பு வருதுல்ல, அந்த மாதிரி.

ஆட்டிசம். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா, சரி. வியாதி இல்லை. மாத்திரை கிடையாது. யாருக்கும் ஒட்டாது. பொறக்கும்போதே மூளை வேற மாதிரி வேலை செய்யுது. நமக்குக் கேக்காத சத்தம் இவனுக்குக் கேக்கும், நமக்குக் கேக்கிற சத்தம் இவனுக்கு இடி மாதிரி கேக்கும். சட்டைக் காலர்ல இருக்கிற துணி லேபிள் நமக்குத் தெரியவே தெரியாது, இவனுக்கு முள்ளு. பேச்சு கொஞ்சம். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான், அதுக்காகக் கவனிக்கலைன்னு அர்த்தம் இல்லை. எப்ப சரியாகும்னு மட்டும் கேட்டுடாதீங்க. எங்க சொந்தக்காரங்க மொத்தப் பேரும் அதைக் கேட்டாச்சு. பெரியப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேப்பாரு. ஒரு பொங்கலுக்கு நான் திருப்பிக் கேட்டேன், பெரியப்பா உங்க வாய் எப்ப சரியாகும்னு. அம்மா என் முதுகுல ஒண்ணு வெச்சாங்க.

ஆமா, பட்டுத் தாவணிதான். தலையில இவ்வளவு பூ, கையில மருதாணி. டவுன் பஸ்ல இப்படி யாரு வருவாங்கன்னு ஏறினதுலேர்ந்து யோசிக்கிறீங்க, தெரியுது. இன்னிக்கு எங்க அக்கா கல்யாணம். மாயவரத்துல, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபம். இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க.

நாங்க இங்க இருக்கோம்.

நீங்க எங்க, திருக்கடையூரா? அறுபதாம் கல்யாணமா? நல்லா இருக்கு. நீங்க ஒரு கல்யாணத்துக்குப் போறீங்க, நான் ஒரு கல்யாணத்துலேர்ந்து ஓடி வரேன். நடுவுல இவன்.

என்னது? இல்லை ஆன்ட்டி, அவன் உங்ககிட்ட சொல்லலை. 'அக்கா கை, அக்கா கை'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். சொன்னதையே சொல்லுவான், அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. கண்டக்டர் சொல்றதையும் அப்படியே சொல்லுவான் பாருங்க, 'எறங்குறவங்க முன்னாடி வாங்க'ன்னு. வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு சொல்லுவான், சாப்பிடும்போது சொல்லுவான். அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது. டேய், சும்மா இருடா கொஞ்ச நேரம். நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல.

கையில மூடி வெச்சிருக்கிறது பொரி. அதைத்தான் சொல்ல வரேன்.

இந்தக் கல்யாணப் பேச்சு ஆவணியில ஆரம்பிச்சுது. எங்க அக்கா பேரு அபிராமி. இருபத்துநாலு வயசு. துணிக்கடையில பில் போடுறா. முதல்ல ஒரு இடத்துலேர்ந்து பொண்ணு பார்க்க வந்தாங்க. அன்னிக்குக் காலையிலேயே அப்பா என்னைக் கூப்பிட்டு, வைத்தியைக் கூட்டிக்கிட்டு பஸ்ல ஒரு சுத்து போயிட்டு வான்னாரு. முகத்தைப் பார்க்காமத்தான் சொன்னாரு. ஊருல வைத்தியை முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான்னு சொல்றாங்க, எங்க அப்பாவும் அன்னிக்கு அப்படித்தான். இதே பஸ்தான். தரங்கம்பாடி வரைக்கும் போய், கடலைப் பார்த்துட்டு, திரும்பி வந்தோம். அவனுக்கு பஸ்னா உசுரு, அவன் ஆடிக்கிட்டே வந்தான். நான்தான் வயிறெரிஞ்சுக்கிட்டு வந்தேன்.

வீட்டுல என்ன நடந்துதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. பொண்ணுக்குத் தம்பி யாருன்னு கேட்டிருக்காங்க. பெரியப்பா பையன் ஹரிஷை நல்ல சட்டை போட்டு உட்கார வெச்சிருக்காங்க. இவன்தான்னு காட்டியிருக்காங்க. காட்டினா போதும், அப்புறம் பார்த்துக்கலாம்னு பெரியப்பா யோசனை. பிள்ளையைக் கூட இரவல் வாங்குற வீடு எங்க வீடுதான். அபி அக்கா காபித் தட்டோட வந்தவ நின்னு சொல்லியிருக்கா, 'இவன் பெரியப்பா பையன். என் தம்பி பஸ்ல சுத்திக்கிட்டு இருக்கான்'னு. அவங்க காபி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு போன்கூட வரலை.

அடுத்து சிதம்பரத்துலேர்ந்து வந்தாங்க. அக்கா மறுபடியும் அதையே சொன்னா. அந்த மாப்பிள்ளை என்ன கேட்டாரு தெரியுமா, எந்த ரூட்டு பஸ்ஸுன்னு. அவரைத்தான் இன்னிக்குக் கட்டிக்கிறா.

அது வரைக்கும் எனக்கும் சரிதான். அதுக்கப்புறம்தான் அக்கா ஒரு புதுக் கதை ஆரம்பிச்சா. எங்கள்ல தாலி கட்டினப்புறம் பொரி போடுறதுன்னு ஒண்ணு உண்டு. உங்கள்லயும் உண்டா? அப்ப தெரிஞ்சிருக்கும். பொண்ணு ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுவா, அவளோட கூடப்பிறந்தவன் அதுல பொரியைப் போடணும், அவ அதை அக்கினியில போடணும். மூணு தரம். அதுக்கு மாப்பிள்ளை வீட்டுல மச்சானுக்கு மோதிரம் போடுவாங்க. ஹரிஷ் விரலுக்கு அளவுகூட எடுத்தாச்சு. அக்கா சொல்லிட்டா, வைத்திதான் போடணும், இல்லைன்னா பொரியே வேண்டாம்னு. சபையில ஏதாவது ஆச்சுன்னா அசிங்கம்னு பெரியப்பா குதிச்சாரு. ஆகட்டும், என் கல்யாணம்தானே, நான் அசிங்கப்பட்டுக்கிறேன்னா.

பேச நல்லா இருக்கு. ஆனா நாள் முழுக்க அவன்கூட இருக்கிறது யாரு? நான். பதினொண்ணாம் கிளாஸ் பாதியில நின்னுட்டேன் நான், வைத்திக்காக. அம்மா சத்துணவுக்கூடத்துக்குப் போயிடுவாங்க, அப்பா மெடிக்கல் ஷாப்புக்கு, அக்கா கடைக்கு. யாராவது வீட்டுல இருக்கணும்ல. கணக்குப் பதிவியல் வேற ஒரு மண்ணும் புரியலை, அது வேற விஷயம். நான் நின்னது இவனுக்காகத்தான்.

இவன் தட்டுல சாம்பார் தயிர்சாதத்தைத் தொடக்கூடாது, தொட்டா அன்னிக்குச் சாப்பாடு இல்லை. அதனால நான் தனித்தனிக் கிண்ணத்துல வைப்பேன். தெருவுல குழி தோண்டிப் போட்டு வழி மாறினா நின்ன இடத்துலேயே நிப்பான், நான் கையை இறுக்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். இறுக்கித்தான் பிடிக்கணும். பூ மாதிரி தொட்டா அவனுக்கு எரியும். யாராவது ஏதாவது கேட்டா அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் பதில் சொல்லிடுவேன். பின்ன, அவன் சொல்லுற வரைக்கும் யாரு நிக்கிறாங்க? அவனுக்குக் காது நான், வாய் நான். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியுமா?

குக்கர் விஷயம் சொல்றேன் கேளுங்க. விசில் சத்தம் அவனுக்கு ஆகாது. அடுப்புல குக்கர் ஏத்துறதுக்கு முன்னாடியே நான் அவனை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். வருஷக்கணக்கா அப்படித்தான். ஒரு ஞாயித்துக்கிழமை நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, அக்கா அவனை அடுப்புகிட்டேயே நிக்க வெச்சு, மூணாவது விசில் வந்ததும் நீயே அணைன்னு சொல்லியிருக்கா. நான் வந்து பார்த்தா, காதைப் பொத்திக்கிட்டு அடுப்பை முறைச்சுக்கிட்டு நிக்கிறான். மூணாவது விசில், டக்குனு அணைச்சுட்டான். அதுலேர்ந்து குக்கர் வெச்சா அவன்தான் ஓடி வரான். மாடிக்கு வாடான்னா வர மாட்டேங்கிறான். எனக்கு வேலை மிச்சம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல. பார்த்துக்கிறவளைக் கேக்காம பண்ணலாமா?

பொரிக்கும் அதே மாதிரி ஒத்திகை. சாயங்காலம் கடையிலேர்ந்து வந்ததும் கூடத்துல உட்கார்ந்துக்குவா. கையை நீட்டுவா. 'வைத்தி, அக்கா கை. மூணு தரம்.' அவன் போடுவான். பாதி பொரி தரையில. மறுபடியும். மொபைல்ல நாதஸ்வரம், தவில் போட்டு விடுவா. முதல்ல எறும்பு நடக்கிற மாதிரி சத்தம், அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவா. காதுக்கு மேல மாட்டுற நீல உறை ஒண்ணு வாங்கிக் குடுத்தா. பட்டு வேஷ்டி உறுத்தும்னு புது வேஷ்டியைத் துவைச்சுத் துவைச்சு பழசாக்கினா. கெட்டிமேளம் வரும்போது இவன் உட்கார்ந்த இடத்துல முன்னாடியும் பின்னாடியும் ஆடுவான், அவளும் கூடவே ஆடுவா. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் கூடத்தைப் பெருக்குவேன். தினமும் பொரி.

நான் சொன்னேன் அக்காகிட்ட. வீட்டுல போடுறது வேற, மண்டபத்துல போடுறது வேறன்னு. பாலா, நீ அவனை நம்ப மாட்டேங்கிறன்னா. யாரு, நான்! எனக்கு வந்துதே ஒரு கோபம். ஊரே அவனால முடியாதுன்னு சொல்லும்போது ஒத்தை ஆளா சண்டை போடுறவ நான்.

இன்னிக்குக் காலையில என்ன ஆச்சுன்னா, மணமேடையில அக்கா பக்கத்துல இவனை உட்கார வெச்சாங்க. காதுல நீல உறை. நல்லாத்தான் இருந்தான். போட்டோக்காரன் வந்தான். தம்பி, அதைக் கழட்டு, படத்துல நல்லா இருக்காதுங்கிறான். நான் போய், உங்க பிளாஷைக் கழட்டுங்க, எங்களுக்கும் கண்ணு நல்லா இருக்காதுன்னேன். பெரிய சத்தமாயிடுச்சு. நான் கத்தினதுல நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தாரு. சித்தப்பா ஓடி வந்து, முகூர்த்த நேரத்துல என்ன இது, இவனை யாராவது உள்ள கூட்டிட்டுப் போங்கன்னாரு. அந்த நேரம் பார்த்து தவில் வேகம் எடுத்துது. வைத்தி ஆட ஆரம்பிச்சான்.

அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சு போச்சு. அவனுக்குத் தாங்கலை. அத்தனை பேரும் அவனையே பார்க்கிறாங்க, ஹரிஷ் வேற பின்னாடி பட்டுச் சட்டையில தயாரா நிக்கிறான். அக்கா அட்சதைக்குத் தலையைக் குனிஞ்சு இருந்தா, பார்க்கலை. நான் வைத்தி கையை இறுக்கிப் பிடிச்சு எழுப்பினேன். அவன் இந்தக் கையால பொரித் தட்டுலேர்ந்து ஒரு பிடி அள்ளிக்கிட்டான். அவன் செருப்பு வெச்சிருந்த கட்டைப்பையை எடுத்துக்கிட்டு பின்பக்க வழியா வெளிய வந்தோம், பஸ் நின்னுக்கிட்டு இருந்துது, ஏறிட்டோம். இந்த பஸ்ஸும் கிளம்புவேனான்னு நின்னுது. அந்த நேரத்துல யாராவது தேடி வந்தாங்களா? வரலை. பாருங்க, அதான் எங்க குடும்பம்.

என்ன ஆன்ட்டி? சந்தோஷம் வந்தா ஆடுவான்னு சொன்னேனா? சொன்னேன். அது பஸ்ல. இது மண்டபம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

அழலை. காதைப் பொத்தலை, உறை இருந்துதே. கத்தலை. இல்லை, கத்தினான். நான் கையைப் பிடிச்சு இழுத்தப்ப கத்தினான். மண்டப வாசல்ல ஒரு தடவை, பஸ் படியில ஒரு தடவை. பார்த்துக்கங்க, எவ்வளவு பயந்து போயிருந்தா அப்படிக் கத்தியிருப்பான். நான் மட்டும் அங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்?

அவனைக் கேட்டேனாவா?

எதைக் கேக்கிறது. கேட்டா சொல்லுற ஆளா அவன். நீங்க வேற ஆன்ட்டி.

அதோ, மறுபடியும் போன். பர்ஸுக்குள்ள ரொம்ப நேரமா அதிருது, நான்தான் எடுக்கலை. அம்மாவாத்தான் இருக்கும். சீர்த்தட்டு எங்க, குங்குமச்சிமிழ் எங்கன்னு கேப்பாங்க. இல்லைன்னா திட்டுவாங்க. எடுக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு நாளாவது நான் இல்லாம சமாளிக்கட்டும். டேய் வைத்தி, பர்ஸைத் தொடாத. உனக்கில்லை அது.

இல்லை, நீங்க சொல்றதுக்காக எடுக்கிறேன். பேர் என்ன வருதுன்னு பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அபி அக்கா.

கல்யாணப் பொண்ணு மணமேடையில உட்கார்ந்துக்கிட்டு போன் பண்ணுவாளா? இருங்க. ஹலோ. சொல்லு. பஸ்ல. செம்பனார்கோவில் வரப் போகுது. ஆமா, அவன் இருக்கான், நல்லாத்தான் இருக்கான், ஜன்னல் பக்கம். நான் சொல்றதைக் கேளுக்கா, அவன் ஆட ஆரம்பிச்சுட்டான், உனக்கு எங்க தெரியப்போகுது, நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு... என்ன? கட்டியாச்சா? சரி. என்ன? கையை ஏன் மூடிக்கிட்ட? ஹரிஷ் போடட்டுமேக்கா, விடேன், ஐயருக்கு அடுத்த முகூர்த்தத்துக்குப் போகணும்னா அவரு போகட்டும், நீ ஏன்... சரி. சரி. இரு.

அவன்கிட்ட குடுக்கணுமாம். போன்ல இவன் யார்கிட்டயும் பேச மாட்டான் ஆன்ட்டி, காதுல வெச்சாலே தள்ளி விடுவான். ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்களே கேளுங்க, எப்படி எதுவும் சொல்ல மாட்டான்னு. இந்தாடா. அக்கா.

'வைத்தி. பொரி வெச்சிருக்கியா?'

'பொரி.'

'நான் கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வேற யாரையும் போட விடலை. நீ வரியா?'

பார்த்தீங்களா, ஒண்ணும் சொல்லலை. ஜன்னலைப் பார்க்கிறான். நான் சொன்னேன்ல. ஹலோ, அக்கா, அவனால இப்ப முடியாதுக்கா, நான்தான் சொல்றேன்ல, நீ ஹரிஷையே...

டேய், எங்க எழுந்திரிக்கிற? உட்காரு. ஓடுற பஸ்லடா. 'எறங்குறவங்க முன்னாடி வாங்க'ன்னு ஆரம்பிச்சுட்டான் பாருங்க. டேய், இது தரங்கம்பாடி இல்லை, இன்னும் போகணும். கம்பியைப் பிடி. அந்தக் கையைத் திறக்காத, பொரி கொட்டிடும். திறக்க மாட்டேங்கிறான், சரி. வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க, அவன் அப்படித்தான். கண்டக்டர் அண்ணே, இவன் எறங்கலை, நீங்க விசில் அடிக்காதீங்க. அடிச்சுட்டாரு. இவரு என்னைக் கேக்க வேண்டாமா? அவன் சொன்னா உடனே அடிச்சுடுறதா?

நிறுத்திட்டாங்க.

நான் எறங்கறேன் ஆன்ட்டி, பின்ன என்ன பண்ணுறது. அந்தக் கட்டைப்பையை எடுத்துக் குடுங்க, அவன் செருப்பு இருக்கு அதுல. வெறுங்காலோட எறங்கிட்டான் பாருங்க. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், அந்த அறுபதாம் கல்யாணம். இந்த இருபத்துநாலாம் கல்யாணம்தான் இப்படி. ஆமாக்கா, லைன்லதான் இருக்கேன். எறங்கிட்டோம். இப்ப திரும்பிப் போறதுக்கு பஸ் எப்ப வரும், எங்க நிக்கும், எனக்கு இந்த ஊருல ஒண்ணும் தெரியாது. இவனுக்கு யாரு சொல்லுறது, எந்தப் பக்கம் நிக்கணும்னு யாரு காட்டுறது, எல்லாம் என் தலையிலதான். நான் இல்லாட்டி இவன் எங்க போவான் சொல்லுங்க.

எங்க அவன்?

எந்தப் பக்கம்? ரோட்டுக்கு அந்தப் பக்கமா? யாரு கூட்டிட்டுப் போனது? தானாவா?

ஆமா. மாயவரம் பஸ் நிக்கிற இடம்தான் போல. போர்டு இருக்கு. கையை மூடிக்கிட்டு நிக்கிறான். ஆடுறான்.

டேய். பஸ் வருதுடா. ஏறிடாத, இரு. இருடா, நானும் வரேன்.